பாளை மார்க்கெட் பக்கத்து பைண்டிங் கடை: ஓரம் வெட்ட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்

பழைய புத்தகத்தைப் பிரித்துத் தைத்துக் கட்டித்தர பாளையங்கோட்டையில் ஆள் இருக்கிறார்களா என்று எங்கள் சபையில் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். மூன்று பேருக்கும் ஆராதனை முடிந்து செருப்புப் போடும் இடத்தில் நின்று சொன்னேன். நான்காவது ஆள் கேட்பதற்கு முன்னால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மார்க்கெட்டை ஒட்டிய சந்து ஒன்றில், இரண்டு பலகையை மட்டும் எடுத்துச் சாய்த்து வைத்திருக்கும் பழைய பலகைக்கதவுக் கடை. உள்ளே நுழைந்ததும் மைதாப் பசை வாசனை. தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குப் பள்ளிக்கூடத்து ரெஜிஸ்டர்கள், வக்கீல் ஆபீஸ் கட்டுகள், கல்லூரிப் பிள்ளைகளின் தீசிஸ்கள். நடுவில் புத்தகத்தை இறுக்கிவைக்கும் மரப் பிரஸ். அதன் பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அண்ணாச்சி. செல்போன் வைத்திருக்கிறார், ஆனால் எடுக்க மாட்டார். நேரில் போவதுதான் வழி. மதியம் ஒரு மணிக்கு மேல் போகாதீர்கள், தூங்கிக்கொண்டிருப்பார்.

நான் கொடுத்தது அப்பாவின் வேதாகமம். 1961-ல் வாங்கியது. அப்பா உபதேசியார். சாத்தான்குளத்துக்குத் தெற்கே தேரிக்காட்டு ஊர்களில்தான் வேலை முழுவதும். தேரி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: செக்கச்செவேலென்று மணல், அதில் பனை, வேறு பெரிதாக ஒன்றுமில்லை. ஐயர் (எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) மாதத்துக்கு ஒருமுறையோ இரண்டுமுறையோதான் வருவார். மற்ற நாளெல்லாம் கோயில் மணி அடிப்பது, காலை மாலை ஜெபம் நடத்துவது, காணிக்கையாக வரும் பிடியரிசிக்குக் கணக்கு எழுதுவது, சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பது எல்லாம் உபதேசியார் தலையில்தான். ஊருக்கு ஊர் நடைதான். மணலில் நடந்து நடந்து அப்பாவின் கால் நகங்கள்கூடச் சிவப்பேறிக் கிடக்கும். அந்த நடையில் எல்லாம் இந்தப் புத்தகம் அவர் கக்கத்தில் இருந்தது. கக்க வியர்வையில் அட்டையின் ஒரு பக்கம் வெளுத்து, இன்னொரு பக்கம் கறுப்பாகவே இருந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

1996-ல் அப்பா போன பிறகு அது என்னிடம் வந்தது. அப்போதே முதுகு விட்டிருந்தது. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலம். பக்கத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடையில் சூடாக்கி ஊற்றும் பசையில் ஒட்டிக் கொடுத்தார்கள். ஆறே மாதம். நடுவில் பிளந்து, புலம்பல் ஒரு பக்கம், எசேக்கியேல் ஒரு பக்கம். அதற்கப்புறம் நானே வைத்தியம் பார்த்தேன். கிழிந்த இடத்தில் எல்லாம் செலோடேப். அண்ணாச்சி புத்தகத்தைத் திறந்ததும் முதலில் பார்த்தது அதைத்தான்.

"யாரும்மா இதை ஒட்டுனது?"

"நான்தான் அண்ணாச்சி."

"புண்ணுக்குச் சுண்ணாம்பு தடவுன மாதிரி பண்ணியிருக்கீங்களே."

செலோடேப் சில வருடத்தில் மஞ்சளாகி, பசை தாளுக்குள் இறங்கிவிடும். எழுத்தின் மேல் எண்ணெய்க்கறை மாதிரி படியும். எடுத்தால் எழுத்தும் சேர்ந்து வரும். இது எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டிலும் யாராவது ஒட்டிக்கொண்டிருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

இப்போது வேலையைப் பற்றி. பசை பைண்டிங் வேண்டாம், நூல் தையல்தான் என்று அவரே சொல்லிவிட்டார். புத்தகம் முழுவதையும் பாரம் பாரமாக (சேர்த்து மடித்த தாள்கட்டு ஒன்று ஒரு பாரம்) பிரித்து, ஒவ்வொரு பாரத்தின் நடு மடிப்பிலும் மெல்லிய தாள் கொடுத்துப் பலப்படுத்தி, கையால் தைத்திருக்கிறார். பசையில் மயில்துத்தம் கலக்கிறார், பூச்சி வராது. மேலட்டைக்கு ரெக்ஸினா காலிகோத் துணியா என்று கேட்டார். ரெக்ஸின் பார்க்கப் பளபளவென்று இருக்கும், நம்மூர் வெயிலுக்கு ஐந்தாறு வருடத்தில் சொறி பிடித்த மாதிரி உரியும் என்று அவரே சொன்னதால் கறுப்புக் காலிகோ. முதுகில் பழைய பித்தளை அச்சு வைத்து 'பரிசுத்த வேதாகமம்' என்று தங்க எழுத்து. நேராகவும் அழுத்தமாகவும் விழுந்திருக்கிறது. கூலி 850 ரூபாய். வேலைக்கு இது குறைவு என்பதுதான் என் எண்ணம்.

பத்து நாள் என்றார். 32 நாள் ஆயிற்று. லெந்து நாட்களில் கொடுத்து, ஈஸ்டருக்குக் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். ஈஸ்டர் கழிந்து செவ்வாய்க்கிழமைதான் கிடைத்தது. பெரிய வெள்ளி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் செல்போனில் வைத்துப் பார்த்தேன். எழுத்தை வேண்டுமட்டும் பெரிதாக்கிக்கொள்ளலாம், குறை சொல்ல முடியாது. நான்காம் வார்த்தை வாசிக்கும்போது யாரோ கேஸ் சிலிண்டர் டெலிவரிக்கு ஓடிபி அனுப்பினார்கள்.

தாமதத்தைக்கூட விட்டுவிடலாம். சொல்ல வேண்டியது வேறு இரண்டு விஷயம். ஒன்று, அண்ணாச்சி செய்த ஒரு காரியம். இதுவரை எந்தக் கடையிலும் நான் பார்க்காதது. இன்னொன்று, அவர் கடையில் நடந்த ஒரு தவறு. அது சரிசெய்ய முடியாதது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

அப்பா நாட்குறிப்பு எழுதியவர் இல்லை. பிரசங்கத்தைக்கூட எழுதிவைக்க மாட்டார். ஆனால் வேதாகமத்தின் ஓரத்தில் தேதி போடுவார். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம் இருக்குமே, அந்தப் பென்சில். வசனத்துக்கு நேரே தேதி, பக்கத்தில் இரண்டு மூன்று சொல். அவ்வளவுதான். சங்கீதம் 121-க்கு நேரே ஒரு தேதியும் 'இடி, தேரியில் ஒத்தையில்' என்றும் இருக்கும். ஆபகூக் மூன்றாம் அதிகாரத்தில், அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும் என்று வருகிற இடத்துக்கு நேரே, 'சம்பளம் 3 மாதம் இல்லை'. நாங்கள் பெரியவர்களான பிறகு அதைப் படித்துச் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். "தொழுவத்துல மாடு எப்பவுமே கிடையாதே, அதான் சம்பளத்தை எழுதுனேன்" என்றார்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் தேதியே இல்லாமல் கோடு மட்டும். ஆதியாகமம் 5-ல் ஏனோக்கு வருகிற இடம். "ஏனோக்கு தேவனோடே சஞ்சரித்துக்கொண்டிருக்கையில், காணப்படாமற்போனான், தேவன் அவனை எடுத்துக்கொண்டார்." சின்ன வயதில் எனக்கு இந்த 'சஞ்சரித்தல்' மேல் ஒரு மயக்கம். பேச்சில் யாரும் சொல்லாத சொல். சாமியார்கள் ஊர் ஊராகப் போவதைத்தான் சஞ்சாரம் என்பார்கள். ஆக, ஏனோக்கும் தேவனும் ஒரு வேலையும் இல்லாமல் சேர்ந்து ஊர் சுற்றினார்கள் என்றே நினைத்திருந்தேன், எங்கள் அப்பாவும் பக்கத்து ஊர் உபதேசியாரும் சாயங்காலம் சுற்றுவதைப் போல. அப்பா ஒருமுறை இதைத் திருத்தினார். அதே அதிகாரத்தைக் காட்டி, ஏனோக்கு 65 வயதில் மெத்தூசலாவைப் பெற்றான், அதற்குப் பிறகு 300 வருஷம் தேவனோடே சஞ்சரித்தான், சஞ்சரித்துக்கொண்டே குமாரரையும் குமாரத்திகளையும் பெற்றான் என்று எழுதியிருக்கிறது பார் என்றார். "பிள்ளை குட்டி, காய்ச்சல், கடன் எல்லாம் வச்சுக்கிட்டுத்தான் கூட நடந்திருக்கான். வெறுங்கையை வீசிக்கிட்டு இல்ல." எனக்கு இப்போது ஏனோக்கின் அந்த 65 வயது. பிள்ளை குட்டி உண்டு. கடனும் போன வருடம் வரை இருந்தது.

இந்தத் தமிழைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. அப்பா கையில் இருந்தது 1871-ல் வந்த பவர் ஐயர் மொழிபெயர்ப்பு. எங்கள் இடையன்குடி கால்டுவெல் ஐயரும் அந்தத் திருத்தக் குழுவில் இருந்தார். அதில் மனுஷன் தேவனைப் பார்த்துப் பேசும்போது 'நீர்'. பட்டணத்துக்காரர்களுக்கு அது பழைய புத்தகத்துச் சொல். எங்கள் பக்கத்தில் அது தெருவில் நடமாடுகிற சொல். நீ என்றால் சின்னப் பையன், நீங்கள் என்றால் தாசில்தார். ஒரே வயதுக்காரர்கள், ஒருவருக்கொருவர் மரியாதையும் உண்டு உரிமையும் உண்டு என்றால் 'நீரு'. பக்கத்து ஊர் உபதேசியார் வாசலில் நின்று, "என்னவே, நேத்து வாரேன்னு சொல்லிட்டு வராமப் போயிட்டீரு?" என்று கேட்பார். அதே வாசலில் ராத்திரி குடும்ப ஜெபத்தில் அப்பா, "ஆண்டவரே, நீர் சொன்னீரே" என்று தொடங்குவார். எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்ததில்லை. அப்பாவுக்கு இரண்டு சேக்காளிகள், ஒருவர் பக்கத்து ஊர், இன்னொருவர் கண்ணுக்குத் தெரியாதவர். அவ்வளவுதான் என் இறையியல்.

சரி, கடைக்கு வருகிறேன்.

புத்தகத்தை வாங்கப் போன அன்று அண்ணாச்சி அதோடு ஒரு காக்கி உறையையும் நீட்டினார். பிரிக்கும்போது உள்ளேயிருந்து விழுந்தவை. அப்பா கண்டதையும் உள்ளே செருகிவைப்பார். குருத்தோலை ஞாயிற்றுச் சிலுவை ஒன்று, காய்ந்து பொடியாகும் நிலையில். பஸ் டிக்கெட்டுகள். மணியார்டர் ரசீது. எங்கள் மூத்த அக்காளின் பள்ளிக்கூடத்துப் படம். பனையோலை நறுக்கு ஒன்று, எதற்கென்று தெரியவில்லை. வேறு யாராக இருந்தாலும் மொத்தமாக ஒரு கவரில் போட்டுத் தந்திருப்பார்கள், அல்லது கூட்டிப் பெருக்கியிருப்பார்கள். இவர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சின்னத் தாளில் மடித்து, மேலே பென்சிலால் பக்க எண் எழுதியிருந்தார். மொத்தம் 23.

"இருந்த எடத்துலேயே வச்சாத்தானே அதுக்கு அர்த்தம்" என்றார், ஏதோ எல்லோரும் செய்கிற காரியம் போல.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக அதன் இடத்தில் வைத்தேன். ஒரு மடிப்பில் பக்கம் 389 என்று போட்டிருந்தது. பிரித்தால் ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு. தம்பியின் பெயர், வயது 4, காய்ச்சல், 14-6-1969. தம்பி அந்த வாரமே போய்விட்டான். எனக்கு அப்போது ஒன்பது வயது. 389-ஐத் திருப்பினேன்: இரண்டாம் சாமுவேல் 12. தாவீதின் பிள்ளை செத்துப்போன அதிகாரம். "நான் அதினிடத்துக்குப் போவேனே அல்லாமல், அது என்னிடத்துக்குத் திரும்பி வரப்போகிறது இல்லை" என்று அவன் சொல்லுகிற இடம். ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. சீட்டை மட்டும் வைத்திருக்கிறார். 29 வருடமாக இந்தப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. இது என் கண்ணில் பட்டதே இல்லை. பட்டிருந்தாலும் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று பார்த்திருக்க மாட்டேன். பக்க எண் இல்லாமல் கைக்கு வந்திருந்தால் அது வெறும் ஆஸ்பத்திரிச் சீட்டு.

இதற்காக மட்டுமே அந்தக் கடைக்கு நான் எத்தனை நட்சத்திரம் வேண்டுமானாலும் போடுவேன்.

அந்தச் சீட்டைப் பார்த்த பிறகு, அந்த வருடத்தில் அப்பா வேறு என்ன எழுதினார் என்று தேடத் தொடங்கினேன். ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல் வரை, இரண்டு நாள், பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு. 1969 மே மாதம் வரைக்கும் குறிப்புகள் இருக்கின்றன. அப்புறம் இல்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று தேதி போட்டவர், பேனாவை வைத்துவிட்ட மாதிரி. எனக்கு அந்தக் காலம் நினைவிருக்கிறது. கோயிலில் அப்பா மணி அடித்தார், ஜெபம் நடத்தினார், ஊர்ப் பிள்ளைகளுக்குக் கீர்த்தனை சொல்லிக்கொடுத்தார். ஒரு நாளும் மணி தப்பியதில்லை. வீட்டுக்கு வந்தால் குடும்ப ஜெபத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார், அம்மாதான் ஜெபிப்பார்கள். ஆமென் சொல்வார், அது மட்டும்தான். ரொம்ப நாள் அப்படி இருந்தது. ஆனால் ஒன்பது வயதுக்காரிக்கு 'ரொம்ப நாள்' என்றால் எவ்வளவு?

நான் எக்ஸ்சேஞ்சில் வெளியூர்க் கால்களை இணைக்கும் டிரங்க் போர்டில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். சில நேரம் இரண்டு பக்கமும் பேச்சே கேட்காது, ஆனால் போர்டில் அந்தச் சின்ன விளக்கு எரியாமல் இருக்கும். விளக்கு எரிந்தால்தான் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். எரியாத வரைக்கும் லைனை எடுக்கக் கூடாது. புது ஆபரேட்டர்கள் அவசரப்பட்டு எடுத்துவிட்டுத் திட்டு வாங்குவார்கள். அப்பாவின் அந்த நாட்களைப் பற்றி இதற்கு மேல் நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு ராத்திரி, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், அம்மா ஜெபம் தொடங்குவதற்கு முன்னால் அப்பா புத்தகத்தை எடுத்து வாசித்தார். 88-ஆம் சங்கீதம். சங்கீதப் புத்தகத்திலேயே இருட்டானது. மற்ற அழுகைச் சங்கீதங்கள் பெரும்பாலும் அழுது அழுது கடைசியில் துதியில் முடியும். இது முடியாது. "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று அப்படியே நின்றுவிடும். அப்பா 'விலக்கினீர்' என்பதை இரண்டு தரம் வாசித்தார். பக்கத்து ஊர்க்காரரைக் கேட்பாரே, வராமப் போயிட்டீரே என்று, அதே குரல். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு அவரே ஜெபித்தார். ஜெபம் ஞாபகம் இல்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

அந்தப் பக்கத்தில் குறிப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியும். திருப்பினேன். இருந்தது. 18-ஆம் வசனத்துக்கு நேரே, வலது ஓரத்தில், நீலப் பென்சிலில்: 11-2-7.

ஏழுக்கு அப்புறம் இருந்த எண்ணைக் காணோம். ஓரத்தோடு போய்விட்டது.

இதுதான் அந்தத் தவறு. தைத்து முடித்த புத்தகத்தின் மூன்று பக்கமும் பிசிறில்லாமல் இருக்க ஓரம் வெட்டுவார்கள். அண்ணாச்சியிடம் வெட்டும் மெஷின் இல்லை; ஒரு அச்சகத்துக்கு அனுப்பி வெட்டி வாங்குகிறார். மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். ஆனால் அப்பா ஓரம் முட்ட எழுதுகிறவர். அந்தக் காலத்துத் தாளுக்கு ஓரமே குறைவு. காகிதத்தை மிச்சம் பிடிப்பது நம்மூரில் புதிய கதையும் இல்லை. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டை அச்சடித்து 1715-ல் முடிப்பதற்குள் காகிதம் போதாமல் எழுத்தையே சிறிதாக வார்க்க வேண்டிவந்தது. பிறகு பக்கத்தில் பொறையாறில் காகித ஆலைகூட வைத்துப் பார்த்தார்கள். ஆக, இடதுபக்கக் குறிப்புகளில் தேதியின் முதல் எண் போயிற்று. வலதுபக்கக் குறிப்புகளில் வருடத்தின் கடைசி எண். எண்ணிப் பார்த்தேன், 31 இடம். பலவற்றை ஊகித்துவிடலாம். தங்கை பிறந்தது, வீடு மாறினது, பெரியப்பா இறந்தது எல்லாம் வேறு வழியில் தெரியும். இது ஒன்றுக்கு வழியில்லை. அம்மாவும் இல்லை. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது. அந்த ராத்திரி அரிக்கேன் விளக்கு. ஆகவே 70, 71, 72, 73 நான்கில் ஒன்று. எட்டு மாதம் அப்பா ஆண்டவரோடு பேசாமல் இருந்தாரா, மூன்று வருடம் எட்டு மாதம் இருந்தாரா என்பது அந்த ஓர் எண்ணில் இருந்தது.

மறுநாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். கோபத்தோடுதான் போனேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பக்கத்தை முகத்துக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "நான் பாத்திருக்கணும்" என்றார். வெட்டிய சீவல் கிடைக்குமா என்று என் முன்னாலேயே அச்சகத்துக்குப் பையனை அனுப்பினார். அது என்றோ எடைக்குப் போயிருந்தது. 850 ரூபாயையும் எடுத்து மேசையில் வைத்தார். நான் வாங்கவில்லை. 'ஒரு நம்பர்தானே' என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இதை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். போகும்போது ஒன்று சொன்னார்: பிரிக்கும்போதே கவனித்தாராம், புத்தகம் முழுவதிலும் தாள் ஓரத்தில்தான் நைந்திருக்கிறது, இந்தப் பாரத்தில் மட்டும் நடுவில் நைந்திருக்கிறது. உள்ளங்கையை விரித்து அழுத்திப் பிடித்து வாசித்த இடமாக இருக்கும் என்றார்.

கண் தெரியாமல் போன கடைசி வருடங்களில் அப்பா எழுதியது ஒன்றே ஒன்று. ஏசாயா 46:4-க்கு நேரே, 1993-ல், பால்பாயின்ட் பேனாவில், கோணல்மாணலாக 'கண் ஆபரேஷன்'. நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன் என்கிற வசனம். நடக்க முடியாமல் போனதைப் பற்றி அவர் புலம்பவில்லை என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே புலம்பினார். தேரியில் நடந்த மனுஷன் திண்ணையோடு கிடந்தால் புலம்பாமல் என்ன செய்வார். யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் டோனாவூர் அம்மாவைச் சொல்வார்: டோனாவூரில் பிள்ளைகள் இல்லம் நடத்திய ஆமி கார்மைக்கேல் அம்மா, 1931-ல் விழுந்தவர்கள், 1951-ல் காலமாகும் வரைக்கும் பெரும்பாலும் ஓர் அறைக்குள்தான். "கட்டில்ல கிடந்தே இருபது வருஷம் சஞ்சரிச்சாங்களே, நமக்கென்ன" என்பார். சொல்லிவிட்டு மறுபடி காலைப் பற்றிப் புலம்புவார். இந்தக் குறிப்பு தப்பித்துவிட்டது. கண் தெரியாததால் ஓரத்தை விட்டு வசனத்தின் மேலேயே எழுதியிருக்கிறார்.

மகள், ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கடைசியில் போட வேண்டும் என்கிறாள். நான்கு போடச் சொன்னேன். தையலுக்கும் அந்தக் காக்கி உறைக்கும் ஐந்துமே தகும். கழித்த ஒன்று ஓரத்துக்கு. 32 நாளுக்கு நான் எதையும் கழிக்கவில்லை.

நீங்கள் போவதானால்: கொடுப்பதற்கு முன் கையெழுத்து இருக்கிற பக்கங்களையாவது செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை, முட்டாள்தனம். ஓரம் வெட்ட வேண்டாம் என்று வாயால் சொன்னால் போதாது, தாளில் எழுதி முதல் பக்கத்தில் வையுங்கள். பிசிறாக இருந்தால் இருக்கட்டும். காலிகோதான் கேளுங்கள். பத்து நாள் என்றால் ஒரு மாதம் என்று மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவின் பாமாலைப் புத்தகம் ஒன்று கிழிந்து கிடக்கிறது. அதை அடுத்த மாதம் அதே அண்ணாச்சியிடம்தான் கொடுக்கப்போகிறேன்.

இன்னொரு குறையும் உண்டு, ஆனால் அது கடையின் குறை ஆகாது. முன்பெல்லாம் புத்தகத்தை மேசையில் வைத்துக் கையை எடுத்தால் அதுவாகவே ஓர் இடத்தில் திறந்துகொள்ளும், பெரும்பாலும் சங்கீதத்தில். இப்போது புதுத் தையல், விறைப்பாக நிற்கிறது. அட்டை தானாகவே மூடிக்கொள்கிறது. அண்ணாச்சியிடம் சொன்னதற்கு, "வாசிக்க வாசிக்கப் படிஞ்சிரும் தாயி, முதல்லேருந்து வாங்க" என்றார். நாளைக்கு மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வைத்தால் 1189 அதிகாரமும் ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும். சின்ன வயதில் அப்பா சொல்லிக்கொடுத்த கணக்கு அது. ஈஸ்டர் கழிந்த அந்த வாரத்தில் ஆதியாகமத்தில் தொடங்கினேன். நேற்று யோபு முடிந்தது. அதுவரைக்கும் தாள் நன்றாகவே படிந்திருக்கிறது. அதற்கு அப்பால் இன்னும் விறைப்பாகத்தான் இருக்கிறது.